முதல் சொட்டு காய்ச்சியவனுடையது

ஓய்வு பெற்ற அன்று லேபில் இருந்த பிள்ளைகள் சேர்ந்து எனக்கு ஒரு வெந்நீர் பிளாஸ்க் வாங்கிக் கொடுத்தார்கள். உத்தியோகம் முழுக்கத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்த ஆளுக்கு வேறென்ன கொடுப்பது என்று யோசித்திருப்பார்கள். மாலையும் போட்டார்கள். என் உடம்புக்கு அது பெரிய மாலை. போட்டோவில், மாலைக்கு நடுவே யாரோ மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனது போல இருக்கிறேன்.

சாந்தி என்று ஒரு பெண். எனக்குக் கீழே வேலைக்கு வந்து, எனக்கு மேலே போனவள். அவள் அன்று சொன்னாள்: "சார், நாப்பதுகள்ல சலைன் எல்லாம் நீங்களே காய்ச்சுவீங்களாமே? இப்ப கம்பெனியிலேர்ந்து சீல் வெச்சு வருது. நாங்க மூடியத் திறக்கறதோட சரி. அதையெல்லாம் எழுதி வெச்சுட்டுப் போங்க சார்."

சரி என்றேன். பேசச் சொன்னால் எனக்கு வாய் ஓயாது. பேனாவைக் கொடுத்தால் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்கும் பள்ளிக்கூடத்துப் பையன் ஆகிவிடுவேன். அதனால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

போன மாதம் ஒரு காலை வேளையில் சூசை அண்ணன் சாந்தோமில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பட்டினப்பாக்கத்தில் கட்டுமரம் ஓட்டியவர். இப்போது கடலுக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் அவரும் கோயில் வாசலில் நின்று கதை பேசுவது முப்பது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. கையில் ஒரு சின்ன பொட்டலம் வைத்திருந்தார்.

"லூர்து நைனா, பேத்திக்கு வயித்தால போவுது. ராவுலேர்ந்து நிக்கல. ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு பொண்ணு வந்து இத்தக் குடுத்துட்டுப் போச்சு. தண்ணில கரைச்சுக் குடுக்கணுமாம். குடுக்கலாமா, வேணாமா? நீ சொன்னாதான் குடுப்பேன்."

ஏன் என்னைக் கேட்டார் என்றால், அதற்குப் பின்னால் ஒரு பாட்டில், ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு பெண்ணின் உயிர் எல்லாம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு, அவருக்கு நான் என்ன சொன்னேன் என்பதற்கு வருகிறேன்.

யுத்தம் நடந்த காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். குண்டு விழப் போகிறது என்று பாதிப் பட்டணம் ஊருக்கு ஓடிப்போயிருந்தது. அதனால்தான் எனக்கு வேலை கிடைத்தது. என்னோடு போட்டி போட வேண்டியவர்கள் எல்லாம் ரயில் ஏறிவிட்டார்கள். இண்டர்மீடியட்டில் ரசாயனத்தில் தோற்றிருந்தேன். ராயப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி, இன்றைக்கு அது இல்லை, அங்கே லேப் அட்டெண்டராக எடுத்துக்கொண்டார்கள். ரசாயனத்தில் தோற்றவனை ரசாயனச் சாமான்கள் இருக்கும் அறையிலேயே பூட்டி வைத்தார்கள். 'டாக்டருக்கு உதவி' என்று அம்மா கோயிலில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அங்கே செய்தது உப்பு வறுத்தல்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சலைன் என்றால் உப்புத் தண்ணீர்தான். நரம்பில் ஏற்றுகிற உப்புத் தண்ணீர். ஆனால் உப்பு, காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துவிடும். அப்படியே நிறுத்தால் தராசில் நிற்பது பாதி உப்பு, பாதி ஈரம். அதனால் பீங்கான் கிண்ணத்தில் போட்டு வறுக்க வேண்டும். முதலில் படபடவென்று பொரியும். அந்தச் சத்தம் முழுசாக நின்ற பிறகு இறக்கி, சூடாக இருக்கும்போதே மூடி, ஆறவைத்து நிறுக்க வேண்டும். தண்ணீரைச் செம்புப் பாத்திரத்தில் கரியடுப்பு வைத்து ஆவியாக்கி, ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடிக்க வேண்டும். பிறகு கரைத்து, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி, வாயைப் பஞ்சால் அடைத்து, மறுபடியும் ஆவியில் வேகவைக்க வேண்டும். வீட்டில் ஒரு காப்பி போடத் தெரியாதவன் ஆஸ்பத்திரியில் இத்தனை சமையல் செய்தேன்.

எனக்கு மேலதிகாரி டாக்டர் பஞ்சாபகேசன். மயிலாப்பூர் மாடவீதியிலிருந்து சைக்கிளில் வருவார். பஞ்சகச்சத்துக்கு மேல் வெள்ளைக் கோட்டு. மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் ஒரு ஸ்டூல் உண்டு. அதில் அவரைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்காரக் கூடாது என்று அவர் சொன்னதும் இல்லை. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தில் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். நாம் செய்தது சரி என்றோ தப்பு என்றோ சொல்ல மாட்டார். "இன்னொரு தரம் பாரு" என்பார். அவ்வளவுதான். அதைவிட நாலு அடி வாங்கிக்கொள்ளலாம்.

அவர் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புஸ்தகத்திலும் இல்லாத வழக்கம். புதிதாகக் காய்ச்சிய சலைன் வார்டுக்குப் போவதற்கு முன்னால், அதில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைக்க வேண்டும். காய்ச்சியவன் தன் விரலைத் தானே குத்தி, தன் ரத்தத்தை அதில் தொட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். முதல் சொட்டு காய்ச்சியவனுடையது. இன்றைக்கும் என் இடது கை மோதிர விரல் நுனியில் சரியாக உணர்ச்சி கிடையாது. கல்யாணத்தில் மோதிரம் மாற்றும்போது, நழுவியதுகூடத் தெரியாமல் மணமேடையில் தேடியவன் நான்.

சேர்ந்த புதிதில், எதற்கு சார் இது என்று கேட்டேன். அவர் திட்டவில்லை. கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

"என்ன தெரியறது?"

"வட்ட வட்டமா, நிறைய."

"அது ஒவ்வொண்ணும் ஒரு செல். உன் ரத்தத்துல ஓடிண்டிருக்கறது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தோல் உண்டு. மகா மெல்லிசான தோல். அந்தத் தோல்ல ஜலம் போலாம், வரலாம், யாரும் தடுக்கறதில்ல. உப்பு அப்படிப் போக முடியாது. எந்தப் பக்கம் உப்பு ஜாஸ்தியோ, அந்தப் பக்கம் ஜலம் ஓடிடும்."

பிறகு சுத்தமான தண்ணீரில் என் ரத்தத்தைத் தொட்டுக் காட்டினார். வட்டங்கள் உப்பின. ஒவ்வொன்றாக வெளிறின. கொஞ்ச நேரத்தில் அங்கே ஒன்றுமே இல்லை. தண்ணீர் உள்ளே புகுந்து புகுந்து, தோல் தாங்காமல் வெடித்துவிட்டது. அடுத்து உப்பு அதிகமாகப் போட்ட தண்ணீர். இந்தத் தடவை செல்கள் சுருங்கி, ஓரமெல்லாம் முள் முள்ளாக நின்றன. எனக்கு அது சட்டென்று புரிந்தது. எங்கள் வீட்டில் மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால், மறுநாள் துண்டுகள் சுருங்கி, ஜாடியில் தண்ணீர் நிற்கும். "மாங்காய் ஊறுகா மாதிரி சார்" என்றேன். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

"ஆமாண்டா. நம்ம சலைன்ல செல் உப்பவும் கூடாது, ஊறுகாயாகவும் கூடாது. சும்மா இருக்கணும். பக்கத்துல என்னமோ ஜலம் இருக்குன்னு அதுக்குத் தெரியவே கூடாது."

இன்னொரு நாள் அவரே சொன்னார். அவர் படிக்கிற காலத்தில் எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில், சலைன் என்று நினைத்து வெறும் தண்ணீர் பாட்டிலை ஒருவருக்கு ஏற்றிவிட்டார்களாம். அந்த ஆளுக்கு ரத்தம் உடைந்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனதாம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று அவர் சொல்லவில்லை. "என் கண்ணு முன்னாடி" என்று மட்டும் சொல்லிவிட்டு, ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

யுத்தம் முடிந்த பிறகு வந்த ஒரு மழைக்காலம். விடாத மழை. பட்டினப்பாக்கத்தில் குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்து, கிணறும் சாக்கடையும் ஒன்றாகிவிட்டன. காலரா வந்தது. காலரா கண்டால் பட்டணத்தின் வடகோடியில் இருந்த தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ரோடெல்லாம் வெள்ளம். அவ்வளவு தூரம் தாங்காது என்று தெரிந்தவர்களை டாக்டர் எங்கள் பின் வராந்தாவில் கட்டில் போட்டுச் சேர்த்துக்கொண்டார். இருந்த சலைன் எல்லாம் தீர்ந்துவிட்டது. நான் அடுப்பை விட்டு நகராமல் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் ஒரு பெண்ணைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தோணியம்மா. மீன் விற்கிறவள். எங்கள் தெருவுக்கே கூடை கொண்டுவருவாள். பள்ளிக்கூடத்து டீச்சரான என் அம்மாவோடு விலை பேசி ஜெயித்தவள் சாந்தோமில் அவள் ஒருத்திதான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண் உள்ளே போயிருந்தது. விரலெல்லாம் நாள் முழுக்கத் துணி துவைத்த கை மாதிரி சுருங்கிக் கிடந்தது. தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளின இடம் அப்படியே நின்றது. அத்தனை பெரிய குரல் மூச்சுக் காற்றாகி, "தண்ணி, தண்ணி" என்றது. உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் குடல் வழியாக வெளியே ஓடிவிட்டது. உடனே நரம்பில் சலைன் ஏறாவிட்டால் அவள் பிழைக்க மாட்டாள்.

அவள் புருஷன்தான் சூசை. அப்போது முறுக்கேறின உடம்பு. வேட்டியெல்லாம் சேறு. லேப் வாசலில் வந்து நின்று கத்தினார்.

"இன்னா நைனா, அடுப்ப பாத்துக்கினு நிக்கிற? அவ போய்க்கினு கீறா! ஊசி போடச் சொல்லு!"

புதுப் பாட்டில்கள் அப்போதுதான் ஆறியிருந்தன. விரலைக் குத்தினேன், தொட்டேன், பார்த்தேன். வட்டங்கள் வெளிறிக்கொண்டிருந்தன. ஒன்று போயிற்று. பக்கத்திலிருந்தது போயிற்று.

"சார், உடையுது."

என் குரல் எப்போதும் இரண்டு அறை தாண்டிக் கேட்கும். வாசலில் நின்ற சூசைக்குக் கேட்காமலா போகும்?

டாக்டர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நர்ஸ் எலிசா சிஸ்டர் வராந்தாவிலிருந்து ஓடிவந்தார். எதற்கும் ஓடாத பெண்மணி அவர்.

"டாக்டர், நாடி கையில கிடைக்கல. இருக்கறத ஏத்திடலாமா?"

"ரத்தத்த உடைக்கற ஜலத்த நான் ஏத்த மாட்டேன்."

"வேற பாட்டில் இல்லையே டாக்டர்."

டாக்டர் கண்ணை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுக்காமல் என்னைக் கேட்டார். "உப்ப வறுத்தியா?"

"வறுத்தேன் சார். சத்தம் நிக்கற வரைக்கும்."

"நிறுத்தது?"

"ரெண்டு தரம் நிறுத்தேன்."

எழுந்தார். "இன்னொரு தரம் பாரு. ஓரத்துலேர்ந்து நடுவுக்கு மெதுவா வா."

பார்த்தேன். ஓரத்தில் எல்லாம் வெளிறி, நிழல் நிழலாக. கண்ணாடித் துண்டை மெதுவாக நகர்த்திக்கொண்டு நடுவுக்கு வந்தேன். அங்கே வட்டங்கள் புதுக்காசு மாதிரி முழுசாக நின்றன.

"நடுவுல நல்லா இருக்கு சார்."

"பாட்டில்ல குத்தம்னா நடுவுல இருக்கறது மட்டும் எப்படிப் பிழைக்கும்?"

பெட்டியிலிருந்து வேறொரு கண்ணாடித் துண்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். கட்டைவிரலால் தடவினார். விரல் போன வழி கோடாகத் தெரிந்தது. ஈரம். அந்தத் துண்டுகளைக் கழுவி மொட்டை மாடியில் வெயிலில் காயவைப்பது வழக்கம். ஒரு வாரமாக வெயில் ஏது? துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த வெறும் தண்ணீர்தான் செல்லை உடைத்தது. பாட்டிலில் குற்றம் இல்லை. வருஷக்கணக்காக நாங்கள் பாட்டிலைச் சந்தேகப்படப் பழகியிருந்தோமே தவிர, கண்ணாடித் துண்டைச் சந்தேகப்பட்டதே இல்லை.

துண்டை ஸ்பிரிட் விளக்கில் காட்டி உலர்த்தினோம். மறுபடி குத்தினேன். இந்தத் தடவை ஓரம், நடு, எல்லா இடத்திலும் வட்டம் வட்டமாக நின்றன.

சிஸ்டர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாசலில் சூசை கையை விரித்து மறித்துவிட்டார்.

"அதே புட்டிதானே?"

"நல்ல பாட்டில்தான்பா, நகரு."

"இப்பதானே அவரு ஒடையுதுன்னாரு? ஐயரு ஏத்த மாட்டேன்னாரு? நான் இன்னா செவுடா? வேற புட்டி இல்லன்னதும் அதே புட்டி நல்லதாயிடுச்சா? எங்க ஆளுங்கன்னா எத்த வேணா ஏத்துவீங்களா?"

நான் ஏதோ விளக்கப் போனேன். ஓரம், நடு, ஈரம் என்று. எனக்கே பொய் சொல்கிற மாதிரி இருந்தது. அவர் என்னைத் தள்ளிய தள்ளில் நான் உப்பு ஜாடி மேல் போய் விழுந்தேன். வார்டு ஆட்களைக் கூப்பிட்டு அந்த ஆளைப் பிடிக்கச் சொல்லுங்கள் என்று சிஸ்டர் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். தொலைந்தான் என்று நினைத்தேன். ஆனால் அவர் துடைக்கவில்லை. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"உன் பேர் என்னப்பா?"

"சூசை."

"சூசை, நீ கேக்கறது சரி. நீயே வந்து பாரு. இப்படி உக்காரு."

தன் ஸ்டூலைக் காட்டினார். சேற்று வேட்டியோடு சூசை அதில் உட்கார்ந்தார். டாக்டர் பக்கத்தில் நின்றார். சூசையின் விரலைக் குத்தச் சொன்னார். துடுப்புப் பிடித்துக் காய்த்த விரல். என் ஊசி முதல் தடவை உள்ளே இறங்கவில்லை. முதலில் வெறும் தண்ணீரில் தொட்டு வைத்தேன். சூசை ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தூரத்துக் கட்டுமரத்தைத் தேடுகிற மாதிரி பார்த்தார்.

"இன்னா இது, காசு காசா கீது?"

"அது உன் ரத்தம்."

"ஐயோ, போவுது... எங்க போச்சு? ஒண்ணியும் காணமே?"

"உடைஞ்சு போச்சு. அது வெறும் ஜலம். இப்ப அந்தப் பாட்டில்லேர்ந்து எடுத்து வெக்கறான். நீயே அவன் கைய பாத்துக்கோ."

சூசை என் கையைப் பார்த்தார். பாட்டிலிலிருந்து சொட்டு எடுப்பதைப் பார்த்தார், கண்ணாடித் துண்டை விளக்கில் காட்டுவதைப் பார்த்தார். குனிந்தார். வராந்தாவில் ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இங்கே ஒருவர் மைக்ராஸ்கோப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

"அப்படியே கீது" என்றார் சூசை. இன்னும் கொஞ்சம் பார்த்தார். "அப்படியேதான் கீது. ஏத்து."

கணுக்காலுக்குப் பக்கத்தில் கீறி நரம்பைத் தேடி எடுத்து டாக்டர் ஏற்றினார். காலராவில் சலைன் ஏறுவதைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பாட்டில் இறங்க இறங்க ஆள் திரும்பி வருவார். முதலில் நாடி வந்தது. பிறகு உதட்டில் நிறம். அந்தோணியம்மா கண்ணைத் திறந்து, சூசையைப் பார்த்து முதலில் கேட்டது, "மீன் கூடைய எங்க வெச்ச?"

சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். சூசை அழுதார். நான் இரண்டும் செய்தேன். எனக்கு எதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது.

சாயங்காலம் அவளுக்குப் பேச்சு நன்றாக வந்துவிட்டது. என்னைப் பார்த்து, "டீச்சர் மவன்தானே நீ? உங்கம்மா வஞ்சிர மீனு கடன் கீது, ஞாபகப்படுத்து" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வவுறு காயுது. வடிகஞ்சில உப்பு போட்டுக் குடுங்களேன்" என்றாள்.

டாக்டர் வேண்டாம் என்றார்.

"ஒரு வாய் குடுத்தா இன்னா சார்?" என்றார் சூசை.

"குடல் இப்ப எதையும் வாங்காதுப்பா. குடலோட உள்தோலும் செல்தான். ஜலத்த வெளில தள்றதே தவிர உள்ள எடுத்துக்கல. உள்ள போனது அத்தனையும் இன்னும் கொஞ்சம் சேத்துண்டு வெளில வரும்."

அவர் பிடிவாதத்துக்குச் சொல்லவில்லை. அன்றைக்குப் படித்தவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். உதட்டை மட்டும் ஈரப் பஞ்சால் துடைக்கச் சொன்னார். அவள் இன்னும் இரண்டு தடவை கஞ்சி கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

நரம்பில் ஏற்றியது குடலில் இறங்கி வெளியே போய்க்கொண்டே இருந்தது. நான் காய்ச்சிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் விரலைக் குத்தினேன். ஒவ்வொரு தடவையும் வட்டங்கள் அப்படியே நின்றன. மறுநாள் காலையில் கரி நனைந்துவிட்டது. அடுப்பு பிடிக்கவில்லை. பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் இடைவெளி விழுந்தது. அவள் மறுபடி சுருங்கினாள். இந்தத் தடவை நரம்பு பிடிபடவில்லை. சிறுநீரும் நின்றுபோயிருந்தது. வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்த நேரத்தில், கண்ணாடித் துண்டுகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகலாமா என்று நான் நினைத்த நேரத்தில், போய்விட்டாள்.

சூசை ரொம்ப நேரம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் டாக்டரிடம் கேட்டார்.

"கஞ்சி கேட்டாளே சார். குடுத்திருந்தா?"

டாக்டர் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். பஞ்சகச்சம் தரையில் புரண்டது.

"குடுத்திருந்தாலும் குடல் வாங்கியிருக்காது சூசை. நீ எதையும் செய்யாம விடல."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழுந்து போனார். மகளைத் தனியாக வளர்த்தார். யாராவது மனைவியைப் பற்றிக் கேட்டால், "கஞ்சி கேட்டா. குடல் வாங்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்பார். சொல்லிவிட்டு, சரிதானே என்பது போல என்னைப் பார்ப்பார். நானும் தலையாட்டுவேன்.

டாக்டர் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பிரிட் விளக்கு நிரந்தரமாக வந்தது. கண்ணாடித் துண்டைத் தீயில் காட்டாமல் அதற்கப்புறம் அந்த அறையில் யாரும் சொட்டு வைத்ததில்லை. அவர் காலமாகி வெகு நாளாகிவிட்டது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு, டீ நேரத்தில், சாந்தி புதிதாகப் படித்ததை உற்சாகமாகச் சொன்னாள். "சார், குடல் செல்லோட தோல்ல ஒரு வாசல் இருக்கு. உப்பு தனியா வந்தா அந்த வாசல்ல விடாது. சர்க்கரை தனியா வந்தாலும் விடாது. ரெண்டும் சேந்து வந்தா ரெண்டையும் உள்ள எடுத்துக்கும். அதுங்க பின்னாடியே தண்ணியும் போயிடும். காலராவுல மத்ததெல்லாம் கெட்டாலும் இந்த வாசல் மட்டும் கெடறதில்ல. வாயாலயே குடுத்துக் காப்பாத்திடலாம், ஊசியே வேணாம் பாதிப் பேருக்கு."

"சர்க்கரைதான் வேணுமா? கஞ்சி?" என்று கேட்டேன்.

"கஞ்சியும் வயித்துக்குள்ள போய்ச் சர்க்கரையாத்தானே சார் ஆகுது. உப்பு போட்ட கஞ்சின்னா பேஷா வேலை செய்யும்."

டீயில் ஏடு படிந்துவிட்டது. நான் குடிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சூசை அண்ணனைப் பார்த்ததும் வழக்கத்தைவிட இரண்டு ஜோக் அதிகமாகச் சொன்னேன். அடுத்த ஞாயிறும். சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஒரு மனிதர் ஒரே ஒரு வாக்கியத்தின் மேல் வீடு கட்டிக் குடியிருக்கிறார். அதன் அடியிலிருந்து கல்லை உருவ எனக்கு என்ன உரிமை?

அதே சூசை அண்ணன்தான் போன மாதம் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"குடுக்கலாம்ணே" என்றேன்.

"இன்னா கீது இதுல?"

"உப்பு. சர்க்கரை."

"அவ்ளோதானா?"

"பெரும்பாலும் அவ்ளோதான்."

பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொழந்த குடல் இத்த வாங்குமா?"

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக.

"வாங்கும்ணே."

"அப்ப வாங்காதுன்னாரே."

சாந்தி சொன்னதை அப்படியே சொன்னேன். வாசல், உப்பு, சர்க்கரை. அவர் முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தைப் பார்த்துச் சொன்னேன். நான் முடித்ததும் கேட்டார்.

"கஞ்சிலயும் அது கீதா?"

"இருக்கு."

"உப்பு போட்டுத்தான் கேட்டா."

"ஆமாண்ணே."

"உனுக்கு எப்பத் தெரியும்?"

"கொஞ்ச வருஷமாத் தெரியும்."

தலையாட்டினார். அதற்கு அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே. தெரியாமலேதான் போனாரு."

தெருவில் ஒரு பஸ் போயிற்று.

"அவருக்குத் தெரிஞ்சிருந்தா காட்டியிருப்பாரு" என்றார். "அந்த ஸ்டூல்ல என்னைக் குந்த வெச்சு, ஒடையறதையும் காட்டினாரு, ஒடையாததையும் காட்டினாரே. தெரிஞ்சத மறைக்கிற ஆளு இல்ல."

கண்ணைத் தோள் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். "சீக்கிரம் கரைச்சுக் குடு நைனா. கொழந்த கீது."

என் வீட்டில் எப்போதும் காய்ச்சி ஆறின தண்ணீர் இருக்கும். பழக்கம் விடவில்லை. பொட்டலத்தில் போட்டிருந்தபடி அளந்து கரைத்தேன். ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி நான் குடித்தேன்.

"நீ எதுக்குக் குடிக்கிற? உனுக்கா வயித்தால போவுது?"

"காய்ச்சினவன்தாண்ணே மொதல்ல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு விரலை என் முன்னால் நீட்டினார். "இத்தையும் குத்திக்கோ, எதுக்கும்" என்றார். இருவரும் சிரித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். அவரும் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்து, நாக்கில் வைத்துப் பார்த்து, "கண்ணுத்தண்ணி மாதிரி கீது" என்றார்.

வீட்டில் மூடியோடு சுத்தமாக இருந்தது, லேப் பிள்ளைகள் கொடுத்த அந்தப் பிளாஸ்க் ஒன்றுதான். அதில் ஊற்றி, குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, வாந்தி எடுத்தாலும் விடாமல் கொடுக்கச் சொன்னேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்த வயதுக்கு நடக்கக் கூடாத வேகத்தில் நடந்து போனார்.

பிளாஸ்க் இன்னும் திரும்பி வரவில்லை. அதில் தண்ணீர் எடுத்துக்கொண்டுதான் பேத்தி பள்ளிக்கூடம் போகிறாளாம். கேட்டால் தர மாட்டேன் என்கிறாளாம்.